சும்மா என்றொரு பதில்

அக்காவிடம் எதைக் கேட்டாலும் 'சும்மா' என்றுதான் பதில் வரும். ஏன் மதியம் சாப்பிடவில்லை? சும்மா. ஏன் இன்றைக்குப் பச்சை வளையல்? சும்மா. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டை விட்டு வேறெங்கும் உட்கார மாட்டாரே, அது ஏன்? அதற்கும் சும்மாதான். பஸ்ஸில் சேர்ந்து போன முதல் ஒரு மாதம் என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பழகப் பழகத்தான் புரிந்தது, அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. காரணம் இருந்தால் சொல்லிவிடுவார். கால் வலித்தால் கால் வலி என்பார். இல்லாத காரணத்தை மட்டும் யாருடைய திருப்திக்காகவும் தயார் செய்து தர மாட்டார்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நாலு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பெண்களுக்கான ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் பிரிவில் இருந்தேன். அக்கா செக்கிங்கில் இருந்தார். வெட்டி வரும் தோல் துண்டுகளை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்குவது அவர் வேலை. என்னைவிட ஐந்து வயது பெரியவர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு. அப்பா இறந்து பல வருஷமாகியிருந்தது. அண்ணன் குடும்பத்தோடு வெளியூரில் இருந்தார். அம்மாவும் அக்காவும் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மாடி வீட்டில் குடியிருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அது நாற்பது பேர் பங்கு போட்டுக்கொண்ட விஷயம். காதல் தோல்வி என்பாள் ஒருத்தி. செவ்வாய் தோஷம் என்பாள் இன்னொருத்தி. மூன்றாமவள் குரலைத் தாழ்த்தி, "உடம்புல எதோ கோளாறாம்" என்பாள். டிரைவர் பாய் மட்டும் கொஞ்சம் நல்ல மனசோடு, "அச்சா லட்கி. நசீப் இல்ல, அதிர்ஷ்டம் இல்ல, இன்னா பண்றது" என்று கியரை மாற்றுவார். அக்காவிடமே நேராகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் கூடுதலாகப் பேசினார்கள்.

நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். அக்கா அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். ஒருநாள் பள்ளிகொண்டா தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த பஸ்ல நீ ஒருத்திதாம்மா என்ன கேக்கல. தனியா இருக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஏன் தனியா இருக்க, ஏன் தனியா இருக்கன்னு கேக்கறாங்க பாரு, அப்பதான் தனியா இருக்கற மாதிரி இருக்கு."

அந்த நாளில் நான் கொஞ்சம் கதை எழுதுவேன். நிறைய படிப்பேன். வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த மனோதத்துவப் புத்தகம் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. பாகாயம் மெடிக்கல் காலேஜில் படித்த எந்த டாக்டர் பிள்ளையோ ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போனது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய டாக்டர்கள் காம இச்சையைப் பற்றிக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பியதெல்லாம் அதில் இருந்தது. நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். இன்ன நம்பர், பெண், திருமண நாட்டம் இல்லை, சிறுவயதில் தகப்பன் கண்டிப்பானவன், ஆகவே இப்படி ஆனாள். இன்ன நம்பர், ஆண், மனைவியைத் தொடுவதில்லை, தாய் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தவள், ஆகவே. புத்தகம் பூராவும் ஆகவே, ஆகவே, ஆகவே.

அந்த வருஷங்களில் நான் விழுந்து விழுந்து படித்த நவீன கதைகளைப் பார்த்தால், அதே டாக்டர்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே நடமாடிக்கொண்டிருந்தார்கள். நாவலில் ஒரு பெண் தனியாக இருக்கிறாளா, பாதி தாண்டியதும் ஒரு பூட்டிய அறை திறக்கும். உள்ளே ஒரு அப்பா நிற்பார், அல்லது ஒரு மாமா. ஒருவனுக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லையா, கடைசி அத்தியாயத்தில் அவன் அம்மாவைக் கூண்டில் ஏற்றிவிடலாம். விமர்சகர்கள் 'ஆழ்மனம்' என்று எழுதிக் கைதட்டினார்கள். இப்போது கிண்டலாகச் சொல்கிறேன். அப்போது வாயைப் பிளந்துகொண்டுதான் படித்தேன். மனிதர்களைத் திறக்கும் சாவி கைக்கு வந்துவிட்டதாக ஒரு மிதப்பு.

அந்தப் புத்தகத்தில் பெண்களின் ஷூவைப் பார்த்தே கிறுகிறுத்துப் போகும் ஆண்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. பஸ்ஸில் அக்காவிடம் அதைச் சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

"ஷூவப் பாத்தா? காலப் பாத்து இல்ல?"

"ஷூவப் பாத்துதான்க்கா. பெரிய டாக்டருங்க எழுதியிருக்காங்க."

"அப்ப ஆம்பூருக்கே வியாதின்னு சொல்லு!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டாள். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் லேடீஸ் ஷூதான் பாக்கறேன். எனக்கு முதுகுவலிதான் வருது."

அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் அன்று முதல்முறையாக எல்லை தாண்டினேன். ஆசை என்று ஒன்று வந்ததே இல்லையா அக்கா என்று மெதுவாகக் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் நிஜமாகவே யோசித்தார். மாதனூர் வரைக்கும் யோசித்தார்.

"பசி மாதிரின்றாங்க எல்லாரும். எனக்குப் பசிக்கல. அவ்ளோதான். பசிக்காதவள உக்கார வெச்சி, இன்னா தின்ன, எதனால வயிறு கெட்டுச்சுன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? வயிறு நல்லாத்தான் இருக்குது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எனக்குத்தான் போதவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா காட்பாடியில் பாசஞ்சர் ஏறி அரக்கோணம் போவார். யாரையும் பார்க்க இல்லை. எதையும் வாங்க இல்லை. போய்விட்டு அடுத்த வண்டியில் திரும்புவார். இது பஸ்ஸுக்குத் தெரிந்த நாளிலிருந்து அரக்கோணத்தில் ஒரு கள்ளக்காதலனை எல்லோரும் சேர்ந்து குடிவைத்துவிட்டார்கள். ரயில்வேயில் வேலை, பெண்டாட்டி உண்டு, இரண்டு பிள்ளைகள் என்பது வரை விவரம் தேறிவிட்டது. ஒரு ஞாயிறு நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். அக்கா பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ குடித்தார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, தோலை ஊதிவிட்டு எனக்கும் பாதி தந்தார். வண்டிகள் வந்தன, போயின. அவர் ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையையும் படித்தார். நான் யாராவது வருவார்களா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. திரும்பும் வழியில், "இதுக்காக்கா இவ்ளோ தூரம்?" என்றேன். "சும்மா. இவ்ளோ வண்டி இருக்குது, நாம எதுலயும் போவ வேணாம். நல்லா இல்ல?" என்றார். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது.

செக்கிங்கில் நான் செய்த கூத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். ஒருநாள் கப்பல் தேதி நெருக்கிவிட்டது. ஆள் போதாமல் ஆபீஸ்காரர்களையும் செக்கிங் மேஜையில் உட்கார வைத்தார்கள். அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். இது உண்ணி கடித்த தடம், இது முள்கம்பி கீறியது, இது சூடு போட்டது. மாட்டின் வாழ்க்கையே தோலில் எழுதியிருந்தது. எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு மணி நேரத்தில் பெரிய அடுக்கு ஒன்றை வட்டம் போட்டுத் தள்ளிவிட்டேன். அக்கா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு ஒதுக்கின?"

"கோடு கோடா இருக்கேக்கா. காயம்தானே?"

"காயம் இல்லம்மா. கழுத்துத் தோலு. மாடு வளரும்போது வர்ற கோடு. குரோத்துன்னுவோம். அது குறையே இல்ல." என் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார். "காயம்னா ஆறி இறுகிப்போயிருக்கும், விரல்ல தட்டும். இது தட்டுதா? கண்ணால பாத்து வட்டம் போடக்கூடாது. தொட்டுப் பாக்கணும்."

தட்டவில்லை. பழந்துணியை எடுத்து என் வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வழவழப்பான தோலில் மை போய்விட்டது. சொரசொரப்பான துண்டுகளில் போகவில்லை. நல்ல தோல், என் பேனாவால் வீணானது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஒரு தீபாவளி மலரில் என் கதை வந்தது. தோல் கம்பெனியில் செக்கிங் செய்யும் ஒரு பெண். கல்யாணம் வேண்டாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரைக்கும் அக்கா. இதற்கு மேல் என் பழைய புத்தகம். சின்ன வயதில் அவளை அப்பா அடித்துச் சாமான் அறையில் பூட்டி வைப்பார். அம்மா எல்லாம் தெரிந்தும் வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அந்த இருட்டறையில் கேட்ட ஒரே சத்தம் தூரத்து ரயில். ஆகவே ஸ்டேஷன். ஆகவே ஆண் வாடை ஆகாது. எழுதி முடித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு விமர்சகர் கடிதம் போட்டார், 'ஆழ்மனத்தின் அடித்தளம் வரை' என்று. அதை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அக்காவின் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சர்தான் சாயங்காலங்களில் பத்திரிகை வாசித்துக் காட்டுவார். உங்கள் பெண்ணின் சிநேகிதி எழுதியிருக்கிறாள் என்று பெருமையாக என் கதையை முழுவதும் வாசித்துக் காட்டியிருக்கிறார். இது எனக்குத் திங்கட்கிழமை பஸ்ஸில் தெரிந்தது.

"கதை நல்லா இருந்துச்சு" என்றுதான் அக்கா ஆரம்பித்தார். பிறகு, "எங்கப்பா என்ன ஒரு அடி அடிச்சதில்ல, தெரியுமா? வேர்க்கடல உரிச்சி, தோல ஊதிட்டு, பருப்ப என் கையில வெப்பாரு. அந்த மாதிரி ஆளு அவரு."

"அக்கா, அது கதை. உங்கப்பா இல்ல."

"எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியலையே." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நேத்து சாயங்காலம் பூ கட்டிக்கினு இருந்துச்சு. அப்பா படத்துக்கு டெய்லி போடற பூ. பாதியில வெச்சிட்டு கேக்குது, 'நான் வேலைக்குப் போனப்புறம் உங்கப்பா உன்ன அடிச்சாராடி? எங்கனா பூட்டி வெச்சாரா? என்கிட்ட மறைச்சிட்டியா?'ன்னு."

"இல்லைன்னு சொல்லுங்கக்கா!"

"சொல்லாம இருப்பனா? 'அப்ப ஏண்டி கல்யாணம் வேணான்ன?'ன்னு கேக்குது. சும்மாதாம்மான்னேன். பதினஞ்சு வருஷமா அந்த பதில வாங்கிக்கினு இருந்துச்சு. இப்ப வாங்க மாட்டேங்குது."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் பர்சில் அந்தக் கடிதம் இருந்தது.

"நீ அன்னிக்கு செக்கிங்ல பண்ணியே, ஞாபகம் இருக்குதா? அதேதான். வளந்த கோட்டக் காயம்னு வட்டம் போட்டுட்ட. தொட்டுக்கூட பாக்கல." அதற்குப் பிறகு ஆம்பூர் வரைக்கும் அக்கா ஜன்னலைத்தான் பார்த்தார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

மறுநாள் என் இடத்தில் அக்காவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு டிரைவர் பாய் கேட்டுவிட்டார்: "இன்னாமா, ரெண்டு தோஸ்தும் தனித்தனியா? ஏதாச்சும் சண்டையா?"

"சும்மா பாய்" என்றார் அக்கா.

நான் அறிந்து அக்கா சொன்ன ஒரே பொய் அந்தச் சும்மாதான்.

அக்கா அரக்கோணம் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்து, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு, வாம்மா என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். டீ போட்டுத் தந்தார். சுவரில் அக்காவின் அப்பா படம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போலச் சாதாரணமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் முகம். ஆணியில் பழைய பூச்சரத்தின் காய்ந்த நார் மட்டும் தொங்கியது.

"அம்மா, அந்தக் கதை நான் சும்மா கட்டினது. உங்க வீட்டுக்காரரு அப்படி எதுவும் செய்யல."

"அச்சுல வந்துச்சேம்மா."

"அச்சுல வந்தாலும் பொய்தான்மா. நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியாதா?"

அம்மா என் கையைத் தடவிக்கொடுத்தார். "என் மனசு நோவக்கூடாதுன்னு வந்து சொல்ற. நல்ல பொண்ணு நீ. அவ உன்கிட்ட சொல்லியிருப்பா. என்கிட்ட சொல்ல முடியாதத உன்கிட்ட சொல்லியிருப்பா. உள்ளத யாரு நேரா சொல்லுவாங்க? கதையாதான் சொல்லுவாங்க." படம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நான் ஆஸ்பத்திரில பெருக்கற வேலைக்குக் காலைலயே போய்டுவேன். வீட்ல இருந்தது அவருதான். எனக்கு இன்னா தெரியும், சொல்லு? நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றார். நான் எவ்வளவு சத்தியம் செய்தும் என் பேச்சைவிட என் எழுத்தையே நம்பினார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் அக்கா வேலையை விட்டுவிட்டார். அம்மாவுக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட, அண்ணன் குடும்பத்தோடு இருக்கப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் அப்போதுதான் மாற்றலாகி அரக்கோணம் பக்கம் வந்திருந்தார். எத்தனையோ ஞாயிறுகள் சும்மா போய் வந்த ஊருக்கு, கடைசியில் ஒரு காரணத்தோடு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டாவது சீட் காலியானது. நான் அதில் உட்காரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கதை மட்டும் என்னைவிட நன்றாக வாழ்கிறது. தொகுப்பில் வந்தது, பேசினார்கள். போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி வீடு தேடி வந்தாள். காமம் பற்றிய ஆரம்பகால உளவியல் கோட்பாடுகள் நவீன புனைகதைகளில் எப்படி எதிரொலிக்கின்றன என்பது அவள் தலைப்பு. என் கதைக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். தந்தை, பூட்டிய அறை, ரயில் என்று அம்புக்குறிகள். கெட்டிக்காரப் பெண். அந்தப் பழைய டாக்டர்களை என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள்.

"அந்தக் கேரக்டர் மாதிரி நிஜத்துல யாரையாவது பார்த்திருக்கீங்களா மேடம்?"

"பார்த்திருக்கேன்."

"அவங்க கல்யாணம் பண்ணிக்காததுக்கு இன்னா காரணம்?"

"சும்மா" என்றேன்.

பேனாவை வைத்துக்கொண்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்து போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் நானும் கேள்விக்குறியோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தி அக்காவைச் சென்ற மாதம் பார்த்திருக்கிறாள். அம்மா இன்னும் இருக்கிறாராம். அண்ணன் மகள் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாளாம். வீட்டுக்குப் போனபோது அப்பா படத்தைக் கவனித்தாயா, பூ இருந்ததா என்று கேட்டேன். பூ இல்லை என்றாள். இது என்ன கேள்வி என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அம்மாவுக்கு அச்சில் வந்தால்தான் நம்பிக்கை. அதனால் எழுதுகிறேன். வாசிக்கிற பெண்ணே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி, உரக்க வாசி. அம்மா, அந்த அறையை நான்தான் கட்டினேன். பூட்டும் என்னுடையது. உங்கள் வீட்டுக்காரர் உங்கள் மகளை ஒருநாளும் அடிக்கவில்லை, எங்கும் பூட்டி வைக்கவில்லை. வேர்க்கடலை உரித்து, தோலை ஊதி, பருப்பை அவள் கையில் வைத்தார். நீங்கள் எதையும் காணாமல் விடவில்லை. காண அங்கே ஒன்றும் இல்லை. இது அச்சில் வந்துவிட்டதம்மா. அவர் படத்துக்குப் பூ போடுங்கள்.